அம்மா தலை, முழுசு

வாயில் ஏதாவது வைத்திருந்தால் முதலில் மென்று விழுங்கிவிடுங்கள், கண்ணுகளா. கதை நடுவில் எழுந்து போய் எதையாவது கொறித்துக்கொண்டு வந்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் என்ன கொறித்தீர்கள் என்று யாராவது ஒரு தாளை நீட்டினால் மட்டும் கொஞ்சம் யோசித்து எழுதுங்கள். ஓர் ஊரில் எட்டு வயதுப் பெண்ணொருத்தி யோசிக்காமல் எழுதிவிட்டாள். பொய் எழுதியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவள் உண்மையை எழுதினாள்.

பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. அதைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அவள் தெருமுனை தாண்டியிருப்பாள் என்பதால் வீட்டில் நண்டு என்றே அழைத்தார்கள். நேராக நடக்க மாட்டாள். பிடிக்கப் போனால் கிள்ளுவாள். அப்பா நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் அவருடைய துண்டு மட்டும் கொடியில் தொங்கும். அம்மா சட்டைக் கம்பெனியில் காஜா போடுகிறவள். பொத்தான் நுழைகிற துளையை வெட்டி, ஓரம் பிரியாமல் நூல் ஓட்டுகிற வேலை அது. ஒரு நூல் அளவு பிசகினாலும் சட்டை வாயைப் பிளந்துகொள்ளும். அதனால் எதையும் உற்றுப் பார்க்கிற கண்ணும், மிஷின் சத்தத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் பிடித்துவிடுகிற காதும் அவளுக்குத் தொழிலோடு வந்தவை.

அந்த ஊரில் சிறார் உணவுக் கண்காணிப்பு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. பள்ளிகளில் மதியம் போடும் சாப்பாடு அதன் பொறுப்பு. அரிசி, காய், முட்டை எல்லாம் முதலில் அந்த அலுவலகத்துக்கு வரும். அங்கே கண்காணிக்கப்படும். கண்காணித்து மிஞ்சியது பள்ளிகளுக்குப் போகும். ஒரு நாள் அந்த அலுவலகத்துக்கு, பிள்ளைகள் நாள் முழுக்க என்னதான் தின்கிறார்கள் என்று சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்த கையோடு படிவமும் வந்தது.

படிவத்தில் நான்கு கட்டங்கள். நேரம், தின்றது, அளவு, தந்தவர். பின்பக்கம் விதிகள். குழந்தை தன் கைப்பட எழுத வேண்டும். எழுதியதை வீட்டில் சொல்லக் கூடாது, சொன்னால் பெயர் அடிக்கப்படும். எழுதியதை அழிக்கவும் கூடாது. இந்தக் கடைசி விதிக்காக வகுப்பிலிருந்த ரப்பர்களையெல்லாம் டீச்சர் முன்கூட்டியே வாங்கி ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டார்.

பத்து நாள் கழித்து, காஜாக்காரியின் வார விடுப்பு நாளில், யாரோ கதவைத் தட்டினார்கள். நண்டு பள்ளிக்குப் போயிருந்தாள். வாசலில் தோளில் பையும் கையில் அளவு நாடாவுமாக ஒருவர். அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்றார். அந்தத் தெருவில் பிறகு அவருக்குப் படிவக்காரர் என்று பெயராகிவிட்டது. அவர் உடனே உள்ளே வரவில்லை. நிலைப்படியில் நின்றபடி அவள் தலையை முன்பக்கம் பார்த்தார், எட்டிப் பின்பக்கமும் பார்த்தார்.

"ஏம்மா, இது உங்க சொந்தத் தலைதானா?"

அவள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கேட்கிற விதத்தில் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்.

"ஆமா சார்."

"ஆதாரம் ஏதாவது இருக்கா?"

கல்யாணப் போட்டோவை எடுத்துவந்து காட்டினாள். அவர் போட்டோவில் இருந்த தலையையும் எதிரில் இருந்த தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'சாயல் உள்ளது' என்று குறித்துக்கொண்டார். வீட்டில் வேறு யார் யார் என்று கேட்டார். நானும் நண்டும்தான் என்றாள். எத்தனை என்று கேட்டார். ஒண்ணே ஒண்ணுதான், அதையே சமாளிக்க முடியவில்லை என்றாள். உயிரோடு இருக்கிறதா என்று கேட்டார். காலையில் நல்லாத்தானே போனாள் என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினாள். அவர் அதற்குள் குனிந்து தண்ணீர்க் குடத்தின் பின்னால் பார்த்துவிட்டு எழுதினார்: 'நண்டு ஒன்று. உயிருடன். மறைத்து வைக்கப்பட்டுள்ளது.'

பிறகு பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்து மேஜையில் விரித்தார். கூடவே ஒரு கண்ணாடிக் குண்டையும் எடுத்து, காற்றில் தாள் பறக்காமலிருக்க அதன்மேல் வைத்தார். காற்று அன்று துளியும் இல்லை. குண்டு சரியாக மூன்றாவது வரியின்மேல் உட்கார்ந்தது. மற்ற வரிகளை அவர் விரல் வைத்துப் படித்தார்.

காலை: அம்மா தலை. அளவு: முழுசு. தந்தவர்: அம்மா.

பள்ளிக்கூடம்: டீச்சர் மூளை. அளவு: தினம் கொஞ்சம். தந்தவர்: டீச்சர்.

சாயங்காலம்: நகம். அளவு: ஐந்து. தந்தவர்: நானே.

ராத்திரி: சோறு, பருப்பு. அளவு: தூக்கம் வரும்வரை. தந்தவர்: அம்மா.

காஜாக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரில் இருப்பவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு விளக்கினாள். நண்டு காலையில் கண்விழித்த நேரத்திலிருந்து கேள்வி கேட்பாள். மீனுக்குத் தாகம் எடுக்குமா? பல் விழுந்தால் வலி எங்கே போகும்? ஒரு கையில் டீ, ஒரு கையில் பன், வாயில் கேள்வி. அடுப்பையும் பார்த்து பஸ்ஸையும் பிடிக்க வேண்டியவள் என்ன சொல்வாள்? 'காலங்கார்த்தால என் தலையைத் தின்னாதடி' என்பாள். தினமும் சொல்வதுதான். சும்மா பேச்சுக்கு.

படிவக்காரர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நேரம் இருக்கிறது, தின்றது இருக்கிறது, அளவு இருக்கிறது, தந்தவர் இருக்கிறது. 'பேச்சுக்கு' என்று ஒரு கட்டம் இல்லையே என்றார். இல்லாத கட்டத்தில் எப்படி எழுதுவது? தலையைப் பற்றி அவருக்கு வேறு சந்தேகமும் இல்லை. பருப்பைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. வீட்டில் பருப்பு இருக்கிறதா, எங்கே, என்ன நிறம் என்று துருவித் துருவிக் கேட்டு, டப்பாவைத் திறக்கச் சொல்லி, நான்கைந்து மணியைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் நண்டு வந்ததும் அம்மா கேட்டாள்.

"டீ குடிச்சியே, பன்னு தின்னியே, அதை எழுதறதுக்கு என்ன?"

"பன்னு பாதிதாம்மா தின்னேன். தலையைத்தான் முழுசா தின்னுட்டேன்னு நீ சொன்ன."

"மூணாவதா என்ன எழுதின?"

"சொன்னா பேரை அடிச்சிடுவாங்க" என்று நண்டு வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். எந்தக் கேள்விக்கும் வாயை மூடாத பெண் அன்று மூடினாள்.

அடுத்த வாரம் டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார்கள். இருக்கிற மூளைக்குச் சான்றிதழ் கொண்டுவா, குறைந்திருந்தால் எப்போதிலிருந்து குறைகிறது என்று எழுதிக்கொடு என்றார்களாம். டீச்சர் பாவம், பயந்த சுபாவம். வேலைக்கு ஏதும் பங்கம் வந்துவிடப்போகிறதே என்று, 'எனக்கு அதெல்லாம் கிடையாது சார், எங்க குடும்பத்துலயே யாருக்கும் கிடையாது' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். அவருக்கு அந்த மாதமே பதவி உயர்வுக்குப் பரிந்துரை போனது.

அதோடு விட்டிருந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அலுவலகத்தில் சத்துக் கணக்கர் என்று ஒருவர் இருந்தார். எந்த உணவில் என்ன சத்து என்று அகர வரிசையில் ஓர் அட்டவணை வைத்திருந்தார். அதில் அம்மா தலை இல்லை. ஆட்டுத் தலை இருந்தது. அகரமும் ஆகாரமும் பக்கத்துப் பக்கத்து எழுத்துத்தானே என்று அதையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார். தினம் ஒரு முழுத் தலை, கூடவே மூளை, சுண்ணாம்புச் சத்துக்கு நகம். கூட்டிப் பார்த்தால் ஊரிலேயே கொழுத்த சாப்பாடு சாப்பிடுகிற பிள்ளை நண்டுதான். கையோடு ஆணை வந்தது. 'மேற்படி சிறுமி வீட்டிலேயே அளவுக்கு மீறி உண்பதால், விசாரணை முடியும்வரை பள்ளி மதிய உணவு நிறுத்திவைக்கப்படுகிறது. தட்டு திரும்பப் பெறப்படும்.'

வீட்டிலிருந்து கட்டிக் கொடுக்கிறேன் என்று அம்மா பள்ளிக்கு ஓடினாள். அதற்கும் விதி இருந்தது. விசாரணையில் இருக்கும் வயிற்றில் வெளிச்சோறு கலந்தால் சாட்சியம் கெட்டுவிடுமாம். நண்டு மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் உட்காரலாம், அதற்குத் தடையில்லை. முன்னால் தட்டு மட்டும் இருக்காது.

காலையில் கூடுதலாக ஒரு பன் திணித்துப் பார்த்தாள். விடிந்ததும் விடியாததுமாக எந்தப் பிள்ளை இரண்டு பன் தின்னும்? சாயங்காலம் வீடு வந்து சேரும்போது நண்டுவுக்குக் கேள்வி கேட்கத் தெம்பிருக்காது. மீன், பல், நிலா எல்லாம் சும்மா கிடந்தன. முதல் வாரத்தில் பள்ளிப் பாவாடை இடுப்பில் நிற்காமல் இறங்கியது. அம்மா பொத்தானுக்கு ஒரு விரல் உள்ளே தள்ளிப் புதுக் காஜா போட்டாள். இரண்டாவது வாரம் இன்னொன்று. மூன்றாவது வாரம் மூன்றாவதைப் போடும்போது, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குக் காஜா கோணிக்கொண்டது.

அடுத்த வீட்டுக்காரி தன் பிள்ளையை நண்டுவோடு விளையாட விடவில்லை. எதற்கு வம்பு, எனக்கு இருக்கிறது ஒரே ஒரு தலை என்றாளாம். கம்பெனியில் மேஸ்திரி, காஜாக்காரி மிஷினை விட்டு எழுந்தால் தலையோடு போகிறாளா, தலையோடு வருகிறாளா என்று பார்த்தார். போகப் போக அவளுக்கும் எல்லாவற்றின்மீதும் சந்தேகம். தண்ணீர் கேட்டு வந்தவன் குடத்தின் பின்னால் பார்த்தானோ? எதிர்வீட்டுச் சன்னல் ஏன் அரையாகத் திறந்திருக்கிறது?

அடுத்த மிஷினில் காலர் தைக்கிற அக்கா ஒருத்திதான் பயப்படாமல் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டவள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அந்த மூணாவது வரியில என்னமோ இருக்குடி. நம்ம மேஸ்திரி துணியில கறை பட்ட இடம் பார்த்துத்தானே பாக்கெட் வைக்கச் சொல்றாரு? அந்தக் குண்டும் அப்படித்தான்."

மூன்று தடவை காஜாக்காரி அலுவலகத்துக்குப் போனாள். மூன்று தடவையும் நடையில் இருந்த பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வாசலின் இரண்டு பக்கமும் ரோஜாத் தொட்டிகள். அந்த ஊரில் எங்கும் அப்படிப் பூத்த ரோஜாவை அவள் பார்த்ததில்லை. ஒவ்வொன்றும் சின்னத் தட்டு அளவு. அலுவலகத் தலைவரின் அறைக்கதவு பதினோரு மணிக்குச் சாத்தப்படும். உள்ளே முத்திரை குத்துகிறார்கள் என்று வாசலில் இருந்தவர் சொன்னார். அவள் காது கொடுத்துக் கேட்டாள். முத்திரை என்றால் தொம்மென்று விழும். இது டிக், டிக் என்று மேஜை விளிம்பில் தட்டுகிற சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி டிக். முத்திரை குத்திவிட்டு யாரும் எதையும் உரித்துக்கொண்டிருக்க மாட்டார்களே என்று அவளுக்குத் தோன்றியது. வெளியே வரும்போது குனிந்து தொட்டியைப் பார்த்தாள். செடியின் தூரில் கறுப்பு மண், மண்ணின்மேல் வெள்ளை வெள்ளையாகச் சில்லு. காஜாவிலிருந்து உதிர்கிற துணுக்கை அடையாளம் தெரிகிற கண்ணுக்கு, இது தெரியாமல் போகுமா?

விசாரணைக்கு எப்போது கூப்பிடுவீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தாள்.

அந்த நாளும் வந்தது. நீளமான மேஜை. நடுவில் தலைவர், ஒரு பக்கம் சத்துக் கணக்கர், மறுபக்கம் கண்ணாடிக் குண்டோடு படிவக்காரர். எதிரில் காஜாக்காரியும் நண்டுவும். தலைவர் நல்ல வாட்டசாட்டமான ஆள். பேச எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது, பிடித்து இறக்கினார்கள்.

"இந்த அலுவலகம் வந்த பிறகு இந்த ஊர்ல ஒரு குழந்தைகூடப் பசின்னு எழுதினதில்லை" என்று ஆரம்பித்தார். "ஏன்னா படிவத்துல அந்தக் கட்டமே கிடையாது. அவ்வளவு யோசிச்சுத் தயார் பண்ணியிருக்கோம். சில பேர் கேக்கறாங்க, பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போய்ச் சேருதான்னு. சாப்பாடு போய்ச் சேர்றது வேற, அறிக்கை போய்ச் சேர்றது வேற. அறிக்கை ஒரு நாளும் தவறினதில்லை."

சத்துக் கணக்கர் மேஜையைத் தட்டினார். காஜாக்காரி எழுந்து, தலை விஷயம் சும்மா பேச்சுக்குச் சொன்னது என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். தலைவர் கையை உயர்த்தினார்.

"இங்க பாரும்மா. எழுத்துன்னா எழுத்து. தின்னேன்னு எழுதினா தின்னதுதான். பேச்சுக்குச் சொன்னேன், விளையாட்டுக்குச் சொன்னேன்னு ஆளாளுக்கு ஆரம்பிச்சா ஆபீஸ் எதை நம்பி நடக்கும்? இதைக் குறிப்புல ஏத்துங்க."

படிவக்காரர் ஏற்றினார்.

"சரிங்க சார்" என்றாள் காஜாக்காரி. "அப்ப அவ எழுதினது பூராவையும் அவ வாயாலேயே ஒருதரம் படிக்கட்டும். நான் இன்னும் முழுசாப் பார்க்கல."

தலைவருக்கு அது நியாயமாகவே பட்டது. அவரும்தான் முழுசாகப் பார்த்ததில்லை. குண்டு வைத்தபடியேதான் அவர் மேஜைக்கும் தாள் வந்துகொண்டிருந்தது. ஒரு வரி விடாமல் படி கண்ணு என்றார். படிவக்காரருக்கு இருமல் வந்தது. மின்விசிறியைக் காட்டி, குண்டை எடுத்தால் தாள் பறந்துவிடும் என்றார். தலைவர் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்.

நண்டு எழுந்து நின்றாள். பாவாடை நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் தாளை எடுத்து, பள்ளியில் பாடம் ஒப்பிக்கிற குரலில் படித்தாள். அம்மா தலை, முழுசு. டீச்சர் மூளை, தினம் கொஞ்சம். பிறகு மூன்றாவது வரி வந்தது.

"மதியம்: சோறு, குழம்பு. முட்டையை ஆபீஸ்காரங்க தின்னுட்டாங்க. அளவு: எல்லாம். தந்தவர்: ஒருத்தரும் இல்லை."

நிறுத்தப்பட்ட மின்விசிறி கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியது. தலைவர் தன்னை அறியாமல் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார். சத்துக் கணக்கர் தன் பங்குக்குத் துடைத்துக்கொண்டார்.

"யாரு உனக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது?"

"லைன்ல நிக்கறப்ப எல்லாரும் சொல்வாங்க சார்."

"அது வந்து பாப்பா..." தலைவரின் குரல் திடீரென்று குழைந்துவிட்டது. "அதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்றது. ஆபீஸ் தின்னுடுச்சு, கம்பெனி தின்னுடுச்சுன்னு ஜனங்க சொல்வாங்க இல்லையா, அந்த மாதிரி. நிஜமாத் தின்னதா அர்த்தம் இல்லை."

காஜாக்காரி உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை.

"அப்ப என் தலையும் பேச்சுக்குத்தானே சார்? ஒரே தாளு, ஒரே பென்சிலு, ஒரே கை. ஒண்ணு நிஜம்னா ரெண்டும் நிஜம். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. குறிப்புல ஏத்தட்டும்."

அந்த வரியை மட்டும் அழித்துவிடலாமே என்று சத்துக் கணக்கர் காதோரம் சொன்னார். அழிக்கக் கூடாது என்பது அவர்களே போட்ட விதி. விதியை மீறினாலும் பரவாயில்லை என்று ரப்பர் தேடினால், ஊரிலிருந்த ரப்பரெல்லாம் பள்ளி டப்பாக்களில் பூட்டிக் கிடந்தது. காஜாக்காரி மகளின் பாவாடையைத் திருப்பி, இடுப்பில் வரிசையாக இருந்த மூன்று புதுக் காஜாக்களை மேஜையின் பக்கம் காட்டினாள். ஊரில் கொழுத்த பிள்ளையின் இடுப்பு சார் இது என்றாள். அவள் பார்வை சன்னல் வழியாக ரோஜாத் தொட்டிமேல் போய் நின்றது. தலைவரின் பார்வையும் பின்னாலேயே போனது. போய்விட்டு அவசரமாகத் திரும்பி வந்தது.

மூன்று பேரும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். டிக் சத்தம் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஆணையோடு வந்தார்கள். தப்பித்தால் போதும் என்று எழுதிய ஆணை அது. ஆனாலும் அலுவலகம் எழுதியதாயிற்றே, அரைகுறையாக எழுதுவார்களா? 'மேற்படி படிவத்தில் தின்றது என்னும் சொல் எங்கெங்கு வருகிறதோ, யாரைக் குறித்து வருகிறதோ, அங்கெல்லாம் அது பேச்சு வழக்காகவே கொள்ளப்படும்.'

ஆணை சத்துக் கணக்கரின் மேஜைக்குப் போனது. அவர் ஆணையை மீறாத மனிதர். தலையை அடித்தார், மூளையை அடித்தார், நகத்தை அடித்தார். சோறும் பருப்பும்கூடத் தின்ற கட்டத்தில்தான் இருந்தன; அவற்றையும் பேச்சு வழக்கு என்று அடித்தார். கடைசியில் பார்த்தால் நண்டு பிறந்த நாள் முதல் எதையுமே தின்றதில்லை. ஊரிலேயே மெலிந்த பிள்ளை அவள்தான் என்று கணக்கு வந்தது. உடனடியாக இரண்டு தட்டு வைத்து உணவு வழங்கவும் என்று பள்ளிக்குச் சீட்டுப் போனது.

ஆக, திங்கட்கிழமை மதியம் நண்டுவின் முன்னால் இரண்டு தட்டு. ஒன்றை அவள் சாப்பிட்டாள். மற்றதை வரிசையில் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் சாப்பிட்டார்கள். புதன்கிழமை, யாரும் எதிர்பாராமல், முட்டை வந்தது. ஒவ்வொன்றின் ஓட்டிலும் அலுவலக முத்திரை. முதல் நாள் பிள்ளைகள் நம்பவில்லை. காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உரித்தார்கள். உரித்த ஓட்டையும் எண்ணித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு இருந்தது. சமையல்காரம்மா அது தவறுதலாகக் குப்பையில் விழுந்துவிட்டதாகப் பதில் எழுதினாள். அலுவலக வாசலில் ரோஜா ஒவ்வொன்றாகத் தலை தொங்கியது.

பாவாடைப் பொத்தான் ஒரு காஜா வெளியே வந்தது, பிறகு இன்னொன்று. மூன்றாவது வாரம் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. பின்னால் இருந்த மூன்று துளைகளையும் அம்மா அடைக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று விட்டுவைத்தாள்.

அலுவலகம் சும்மா இருக்குமா? மாதக் கடைசியில் புதுப் படிவம் வந்தது. இந்தத் தடவை ஐந்தாவதாக ஒரு கட்டம்: 'நிஜமாகவா?' நண்டு அதைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் டீ, ஒரு கையில் பன்னோடு அடுப்படியில் வந்து நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"அம்மா, முதல்ல பொத்தான் வந்துச்சா, காஜா வந்துச்சா?"

"தெரியாது."

"பொத்தான் இல்லாம காஜாவை எதுக்கு வெட்டினாங்க? காஜா இல்லாம பொத்தானை எங்க மாட்டினாங்க? அப்ப சட்டை தொறந்தேவா இருந்துச்சு?"

"ஏண்டி காலங்கார்த்தால என் தலை..."

சொல்ல வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். எதிர்வீட்டுச் சன்னல் அரையாகத் திறந்திருந்தது. எழுந்து போய்த் தங்கள் சன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். மகளின் இடுப்பில் பொத்தான் இறுக்கமாக நிற்கிறதா என்று ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். விரல் நுழையவில்லை.

"தின்னுக்கோ" என்றாள் மெதுவாக. "எழுதாதே."